ஜூன் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளும் வீட்டில்: எவ்வளவு செய்தால் போதும்?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஓர் அம்மா கேட்டிருப்பது இது. மகள் தொடக்கநிலை ஒன்று, மகன் பாலர் பள்ளி முதலாம் ஆண்டு. ஜூனில் இருவருக்கும் நாலு வாரம் விடுமுறை. தனக்கு வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை, கணவருக்கு ஷிப்ட். தோழி ஒருவர் தன் பிள்ளைகளை நாலு வாரத்துக்கு நாலு முகாமில் சேர்த்துவிட்டார். போன டிசம்பரில் தன் பிள்ளைகள் டேப்லட்டிலேயே கிடந்தார்கள். இந்தத் தடவை அப்படி ஆகாமல் இருக்க மணிவாரியாக ஓர் அட்டவணை தரமுடியுமா என்கிறார். கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கேட்டிருப்பது அட்டவணை, ஆனால் கடைசி வரியில் "நான் செய்வது போதவில்லையோ என்று தினமும் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அட்டவணை தராமல் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

நான் 17 வருடமாகப் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், நாலு முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. என் இரண்டு பிள்ளைகளையும் இதே மாதிரி ஜூன் மாதங்களில் வீட்டில் வைத்து வளர்த்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, உடல்நலம் பற்றி நான் சொல்வது அமைச்சும் வாரியங்களும் வெளியிட்டிருப்பதும், வகுப்பில் கண்ணால் கண்டதும் மட்டுமே. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் வீட்டில் மாமியார் இருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுக்க முடிந்தது அவரால்தான். அந்தக் கை இல்லாத வீட்டில் நான் சொல்வதில் பாதி நடந்தாலே பெரிய விஷயம்.

முதலில் நம் ஊர் வெயில். இங்கே கோடை என்று தனியாக இல்லை என்றாலும், மே, ஜூன் இரண்டும் வருடத்திலேயே வெக்கை அதிகமான மாதங்களில் சேர்ந்தவை. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, நம் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளினார்கள், அதிலிருந்து இப்படித்தான். ஆகவே வெயில் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு இல்லை, ஒரு மணி தாண்டித்தான். தமிழ்நாட்டில் வளர்ந்த நம்மில் பலர் மூன்று மணிக்கெல்லாம் வெயில் தணிந்துவிட்டதாக நினைத்துப் பிள்ளைகளைக் கீழே அனுப்புகிறோம். இங்கே மூன்று மணி என்பது சூரியக் கணக்கில் இரண்டு மணி. அதற்குப் பதிலாகச் சூரிய உதயம் ஏழு மணிக்கு, அஸ்தமனம் ஏழேகாலுக்கு, மாலை வெளிச்சம் நீண்டு கிடைக்கிறது. எனவே உங்களுக்குத் தேவையான அட்டவணை இவ்வளவுதான்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் ஒரு தடவை வெளியே, மாலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் ஒரு தடவை வெளியே. இந்த இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள நேரத்தை மணிவாரியாக வெட்டவே வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மகனுக்கு நாலு வயது, பகல் இரண்டு மணி, வீட்டில் அழுகை தாங்காமல் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனேன். அரைக்கால்சட்டையோடு சறுக்குமரத்தில் உட்கார்ந்தவன் சறுக்கவே இல்லை, அப்படியே அலறினான். தூக்கிப் பார்த்தால் இரண்டு தொடையின் பின்பக்கமும் பட்டைப் பட்டையாகச் சிவந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து வைத்திருந்தேன், கொப்புளம் வராமல் தப்பித்தான். பிளாஸ்டிக் சறுக்குமரமும் கீழே விரித்திருக்கும் ரப்பர் தரையும் வெயிலை எவ்வளவு உள்வாங்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்றும் எந்தத் திடலிலும் என் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற விடுவேன். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்பத்தால் ஏற்படும் உளைச்சல் குறைவா, மிதமா, அதிகமா என்று காட்டுகிறார்கள், 2023இலிருந்து இருக்கிறது. செருப்பு மாட்டுவதற்கு முன் அதை ஒரு பார்வை பாருங்கள். வெளியே இருக்கும்போது பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், முகம் சிவந்து தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால், "இன்னும் அஞ்சு நிமிஷம்" பார்க்க வேண்டாம், நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிடுங்கள். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே 995.

வெளியே என்றால் எங்கே? தினமும் எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தால் இரண்டாம் வாரத்திலேயே நீங்கள் படுத்துவிடுவீர்கள். புளோக்கின் கீழ்த்தளம், பக்கத்துப் பூங்கா, காப்பிக்கடைக்கு நடந்து போய் ஒரு காப்பி வாங்கிவருவது, போதும். உங்களுக்குச் செங்காங் ஆற்றோரப் பூங்காவும் பொங்கோல் நீர்வழியும் கிட்டத்தில் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) உள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இலவசம், காலை எட்டு மணிக்கே திறக்கிறது, பிள்ளையோடு வராத பெரியவர்களை உள்ளே விடுவதில்லை என்பதால் எனக்கு அங்கே மனம் நிம்மதியாக இருக்கும். பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துப் போங்கள், தண்ணீர் விளையாட்டு உண்டு.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: காலையில் வெளியே பொறுக்கிய பொருளை வைத்துத்தான் பகல் ஓடும். ஓர் உதாரணம். நம் பூங்காக்களில் சாகா மரம் நிறைய இருக்கிறது, தமிழில் ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி என்போம். அதன் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து, மழுமழுவென்று செக்கச்சிவப்பான விதைகள் புல்லில் சிதறிக் கிடக்கும். ஒரு தயிர் டப்பாவைக் கொடுத்துப் பொறுக்கச் சொல்லுங்கள், நாற்பது நிமிடம் போவதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துணியில் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பையன் பத்துப் பத்தாகக் குவிப்பான், ஏழு வயது அக்கா குவியல்களைக் கூட்டுவாள். அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க வைத்திருந்த விதை இது என்று சொன்னால் கண் விரியும். நாலு விதை ஏறத்தாழ ஒரு கிராம் என்பார்கள், சமையலறைத் தராசில் நாற்பது விதை போட்டுச் சரிபார்க்கட்டும். அப்புறம் பல்லாங்குழி. வீட்டில் பலகை இல்லையென்றால் முட்டை அட்டையில் குழிகள் தயார். மேல்மாடி மலாய்க் குடும்பத்துக்கு இது சொங்காக். என் மகள் ஆட்டத்தைக் கற்றதே பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியம்மாவிடம்) தான், நம் ஆட்டத்தில் எப்படி முறை மாறும், அவர்கள் ஆட்டத்தில் எப்படி மாறும் என்று இருவரும் வாதாடியே ஒரு சாயங்காலம் போகும். ஒரு எச்சரிக்கை: கருப்புப் புள்ளியோடு இருக்கும் சின்னக் குன்றிமணி வேறு, அது கடும் விஷம். முழுச்சிவப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் எதையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பகல் நேரத்துக்கு நான் அதிகம் நம்புவது சமையலறையை. தேக்கா சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்து, தட்டில் போட்டு, காம்பை இரண்டு விரலில் பிடித்துக் கீழ்நோக்கி உருவக் காட்டிக்கொடுங்கள். ஒரு உருவலில் இலையெல்லாம் பொலபொலவென்று விழும் அந்தச் சுகம் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். பாதிக் காம்பு கீரையோடு போகும்தான், போகட்டும், அன்றைக்கு அந்தக் கூட்டைத் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள். பச்சைப்பயறை இரவில் ஊறவைத்துக் காலையில் ஈரத்துணியில் கட்டி வைத்தால், நம் ஊர் வெக்கைக்கு மறுநாளே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மூன்று கிண்ணத்தில் வைத்து, ஒன்றுக்குத் தண்ணீர் தெளிக்காமல், ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து, ஒன்றை ஒழுங்காக வளர்த்துப் பார்த்தால் அதுவே அறிவியல் பாடம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டையும் பாதிப் பாதி பார்த்தால் இரண்டும் கெடும், பிள்ளைகளும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இழுப்பார்கள். வகுப்பில் நான் கண்டது: முதலில் கால்மணி நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவர்கள் ஆரம்பிப்பதில் கலந்துகொண்டால், அப்புறம் முக்கால் மணி நேரம் தனியாக ஓட்டுவார்கள். தாங்கள் கவனிக்கப்பட்டோம் என்று தெரிந்த பிள்ளை இழுக்காது. கூட்டம் இருக்கும் நேரத்தைச் சொல்லிவையுங்கள், ஐந்து வயதுக்குக் கடிகாரம் புரியாது, ஆகவே பெரிய முள் எந்த எண்ணுக்கு வரும்வரை என்று காகிதத்தில் வரைந்து கதவில் ஒட்டுங்கள். இது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்காது. இயல்பிலேயே ஒட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அந்த முக்கால் மணி இருபது நிமிடமாகச் சுருங்கும்.

"போரடிக்குது" என்று வந்து நின்றால் என்ன செய்வது? சலிப்பு கற்பனையை வளர்க்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களை வைத்துச் செய்தவை, சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கண்டது இவ்வளவு: உடனே எதையும் கொடுக்காமல் இருந்தால், முதல் பத்து நிமிடம் சிணுங்கல், அடுத்த பத்து நிமிடம் சண்டை, அதற்குப் பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, போர்வையை மூடி, எம்ஆர்டி ரயில் விட ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலான பெற்றோர் அந்தச் சண்டை கட்டத்திலேயே டேப்லட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். குறைசொல்லவில்லை, நானும் கொடுத்திருக்கிறேன்.

டேப்லட் விஷயத்தில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் சுகாதார அமைச்சு புதுப்பித்த வழிகாட்டுதல்படி, ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், ஏழு முதல் பன்னிரண்டு வரை இரண்டு மணிக்குள். சாப்பிடும்போதும் தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதது கடைசி இரண்டும்தான். திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை, வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை முதல் வாரத்திலேயே அடையாளம் தெரியும். ஒரு மணி என்ற எண்ணைப் பொறுத்தவரை, அது ஒரு வழிகாட்டி. அறுபதாவது நிமிடத்தில் ஒரு கோடு இருப்பதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. நீங்கள் கூட உட்கார்ந்து "அது ஏன் அழுவுது?" என்று பேசிக்கொண்டே பார்க்கும் முக்கால் மணியும், தானாக அடுத்தடுத்து ஓடும் குட்டிக் காணொளிகளில் போகும் முக்கால் மணியும் ஒன்றில்லை. உங்களுக்குக் கட்டாயக் கூட்டம் உள்ள மதியம் இரண்டு மணிக்கு என்று திரை நேரத்தை வைத்துவிடுங்கள், அது அந்த நேரத்துக்குச் சொந்தம், மற்ற நேரத்தில் பேச்சே இல்லை. நேரம் நிலையாக இருந்தால் கெஞ்சல் மூன்று நாளில் குறையும்.

கண் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே எந்த வகுப்பைப் பார்த்தாலும் வரிசைக்கு இரண்டு மூன்று கண்ணாடி. வெளியே இருக்கும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குவாங்சோவில் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம், கூடுதலாக வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வை ஏறாமல் தடுக்குமா என்பதில் அந்த அளவு ஆதாரம் இல்லை. இங்கே நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே என்று பரிந்துரைக்கிறார்கள், நான் சொன்ன இரண்டு முனையையும் கூட்டினால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். மர நிழல் போதும், வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே பல மடங்கு வெளிச்சம்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, காலை வெயில் ஏறும் நேரமும் அந்திக்கு முந்திய நேரமும் அதற்குப் பிடித்தமானவை, டெங்கி அதிகமாகும் காலம் மே முதல் அக்டோபர். நான் வெளியே போகச் சொல்லும் இரண்டு நேரமும் அதன் நேரம்தான். ஆகவே கொசுவிரட்டி பூசாமல் இறங்க வேண்டாம். கூடவே ஒரு வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள்: வெள்ளிக்கிழமை தோறும் பூந்தொட்டித் தட்டு, குளியலறை வாளி, தாழ்வாரத்தில் துணி காயப்போடும் கம்பின் துளை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பிடிக்கும் என்பதால்தான் வாரம் ஒரு தடவை என்ற கணக்கு, காரணத்தோடு சொன்னால் அதிகாரி தோரணையில் செய்வார்கள். சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டு வரும். அன்றைக்குக் காலை முனை போய்விட்டது, விடுங்கள், இடி ஓய்ந்து அரை மணி கழித்துத் தாழ்வாரத்தில் நடந்தால் போதும்.

முகாம்களுக்கு நான் எதிரி இல்லை. உங்கள் மகளுக்கு நீச்சலோ களிமண்ணோ பிடிக்குமென்றால் ஒரு வாரம் அனுப்புங்கள், சமூக மன்றத்தில் முதலில் விசாரியுங்கள். நாலு வாரத்துக்கு நாலு முகாம் என்பது பிள்ளைக்குப் பள்ளி முடிந்து இன்னொரு பள்ளி. மறுநாள் எழுந்து எங்கும் ஓட வேண்டியதில்லை என்ற நினைப்பே பள்ளி நாளில் இருட்டில் எழுந்து போகும் ஏழு வயதுக்கு வேண்டியிருக்கிறது. துணைப்பாட வகுப்பும் இந்த வயதில் அவசரம் இல்லை, தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளே 2019இலிருந்து கிடையாது. அந்தப் பணத்தைவிட உங்கள் விடுப்பு பெரியது: குடியுரிமை உள்ள, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, மகன் இருப்பதால் உங்கள் இருவருக்குமே பொருந்தும். ஜூனுக்கு ஆளுக்கு இரண்டு நாள் எடுத்தால் வாரத்துக்கு ஒரு நாள் ஒருவர் முழுதாக வீட்டில். பிள்ளைக்குக் காய்ச்சலோ கை, கால், வாய்ப் புண் நோயோ வந்தால் வேண்டும், மிச்ச நாள்களைத் தொடாமல் வையுங்கள்.

அப்புறம் தமிழ். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்காது. பள்ளி நாளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் நேரம் மிகவும் குறைவு, வீட்டிலும் "ஷூ போடு, பேக் எடு" என்ற ஏவல் வினைகளோடு நின்றுவிடுகிறது. விடுமுறையில்தான் "முளை ஏன் வளைஞ்சு வருது?", "யாரு கூட எடுத்தா?" என்று முழு வாக்கியம் பேச நேரம் இருக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள், அவன் சொன்னதையே தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தினமும் ஐந்து நிமிடம் வீடியோவில் பல்லாங்குழி யார் ஜெயித்தார்கள் என்று சொல்லட்டும். அந்தத் திரை நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு தடவை வெளியே போய் வந்து, சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடந்து (ஐந்து வயதுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல்), ஒரு கால்மணியாவது நீங்கள் முழுதாக அவர்களோடு இருந்திருந்தால் அந்த நாள் போதும். அழுகை, சண்டை, சோற்றில் பாதி தரையில் என்று இருந்தாலும் போதும். கடைசி வாரத்தில் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள்: பள்ளி திறக்கும் திங்களுக்கு ஆறேழு நாள் முன்னாலிருந்தே எழுப்பும் நேரத்தைத் தினம் கால்மணி முன்னே இழுத்து வாருங்கள், இரவுப் படுக்கையையும் அதே அளவு. மகளிடம் சீருடையை ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நாலு வாரத்தில் பாதம் வளர்ந்து வெள்ளைக் காலணி கடிக்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதைத் தேடி அலைய முடியாது.